ராத்திரி பத்தரை மணி கரண்ட்: வீட்டின் உச்சத் தேவை பற்றிச் சில குறிப்புகள்

2024 மே மாதம் முதல் வாரம். ராத்திரி பதினொரு மணி இருக்கும். தெருமுனையில் ‘டப்’ என்று ஒரு சத்தம், அடுத்த நொடி வீடு முழுக்க இருட்டு. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. வழக்கம்போல நான் பால்கனிக்குப் போய், எதிர் வரிசையில் லைட் எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. எரிச்சல் இன்னும் கொஞ்சம் கூடியது.

அரை மணி நேரத்தில் லைன்மேன் வந்து ஃபியூஸ் கட்டினார். கீழே இறங்கிப் போய், “என்னண்ணே, தினமும் இப்படிப் போகுதே?” என்றேன். அவர் மேலே பார்த்தபடியே, “லோடு தாங்கல சார். பத்தரை மணிக்கு எல்லாரும் ஒண்ணா ஏசியைப் போட்டா இது என்ன பண்ணும்?” என்றார்.

பக்கத்தில் வாசற்படியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார் எதிர்வீட்டுப் பாட்டி. ஓட்டு வீடு, தனியாக இருப்பவர், ஒரே ஒரு சீலிங் ஃபேன். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே ஃபேஸ். “உங்க வீட்டுல ரெண்டு ஏசி, எனக்கு ஒரு ஃபேன். போச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான்ப்பா போகுது” என்றார். குத்திச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

நான் மென்பொருள் துறையில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்ப்பவன். சர்வரில் லோடு ஏறினால் எந்த நிமிஷத்தில், எந்த வேலையால் ஏறியது என்று வரைபடம் போட்டுத்தான் பேசுவோம். என் வீட்டு மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததோ இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரும் ஒரே ஒரு எண்: இத்தனை யூனிட். சரி, இதை ஒழுங்காகப் படித்துப் பார்ப்போம் என்று இறங்கியதன் விளைவுதான் இந்தக் குறிப்புகள்.

யூனிட் வேறு, கிலோவாட் வேறு

இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று மொத்தம் எத்தனை இலை போட்டார்கள் என்பது ஒரு கணக்கு. ஒரே பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது இன்னொரு கணக்கு. அரிசி, பருப்பு செலவு முதல் கணக்கைப் பொறுத்தது. சாப்பாட்டு ஹாலை எவ்வளவு பெரிதாகக் கட்டவேண்டும், பரிமாற எத்தனை ஆள் வேண்டும் என்பது இரண்டாவது கணக்கைப் பொறுத்தது. ஆயிரம் பேர் ஐந்து பந்தியாகச் சாப்பிட்டால் 200 பேர் ஹால் போதும். ஆயிரம் பேரும் முதல் பந்திக்கே நின்றால் ஆயிரம் பேர் ஹால் வேண்டும். மற்ற நேரமெல்லாம் அது காலியாகக் கிடக்கும்.

யூனிட் என்பது இலைக் கணக்கு. ஒரு கிலோவாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கிலோவாட் என்பது பந்திக் கணக்கு, அதாவது இந்த நொடியில் எவ்வளவு இழுக்கிறோம் என்பது. மின்நிலையம், உயரழுத்தக் கம்பி, தெரு டிரான்ஸ்ஃபார்மர், வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் எல்லாமே பந்திக் கணக்குக்குத்தான் கட்டப்படுகின்றன. தமிழ்நாட்டில் வீட்டு பில் மட்டும் முழுக்க இலைக் கணக்கு. பெரிய தொழிற்சாலைகளுக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு உச்சத் தேவைக்கென்று ‘டிமாண்ட் சார்ஜ்’ தனியாக உண்டு. காலை, மாலை உச்ச நேரத்தில் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதலாகவும் கட்டவேண்டும்.

இது நேற்றைய பிரச்சினை இல்லை. 1892-இல் ஜான் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மின்சாரம் வழங்கும் செலவு பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். மின்சாரத்தைத் தயாரிக்கும் செலவைவிட, வாடிக்கையாளர் எப்போது ஸ்விட்சைப் போட்டாலும் கொடுக்கத் தயாராக இருப்பதற்கு ஆகும் செலவுதான் பெரியது என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஒருவர் தினமும் ஒரு மணி நேரம்தான் விளக்கேற்றுகிறார் என்றாலும், அவருக்கென்று ஒரு பங்கு இயந்திரம் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். ஆகவே தயார்நிலைக்கு ஒரு கட்டணம், யூனிட்டுக்கு ஒரு கட்டணம் என்று இரண்டாகப் பிரித்து வாங்கலாம் என்றார். பிரைட்டன் நகரத்தில் ஆர்தர் ரைட் என்பவர், வாடிக்கையாளர் எட்டிய அதிகபட்ச அளவைக் காட்டும் மீட்டரையே உருவாக்கினார். எடிசனிடம் செயலாளராக இருந்து பிறகு சிகாகோவில் மின் நிறுவனம் நடத்திய சாமுவேல் இன்சல், 1894-இல் பிரைட்டனில் இதைப் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். கட்டிவைத்த கொள்ளளவில் சராசரியாக எத்தனை சதவீதம் பயன்படுகிறது என்ற ‘லோடு ஃபேக்டர்’ கணக்குதான் அவர் தொழிலின் அஸ்திவாரம்.

என் வீட்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பில்லில் 576 யூனிட். இரண்டு மாசம் என்றால் 60 நாள், 1,440 மணி நேரம். வகுத்தால் சராசரி 0.4 கிலோவாட், அதாவது 400 வாட். நாலைந்து ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும் ஓடுகிற அளவு. இதைப் பார்த்து, ‘நம்ம வீடா லோடு?’ என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அளந்து பார்த்தபோது

2024 நவம்பரில் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து, மெயின் லைனில் ஒரு சின்ன அளவீட்டுப் பலகையைப் பொருத்தினேன். (போர்டைத் திறக்கும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். நானும் செய்யவில்லை.) வோல்டேஜ், ஆம்பியர், வாட் மூன்றையும் சில நொடிகளுக்கு ஒரு முறை ஒரு வைஃபை சிப் வழியாக என் பழைய லேப்டாப்புக்கு அனுப்பிவிடும். அதற்கு நிரல் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இவ்வளவு தூரம் போக விருப்பம் இல்லாதவர்களுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். மீட்டரின் முகப்பில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3,200. பத்து மினுக்கலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று செல்ஃபோன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 36,000-ஐ அந்தத் துடிப்பு எண்ணாலும் நொடியாலும் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். 3,200 மீட்டரில் பத்து மினுக்கலுக்கு 5 நொடி ஆனால், 36,000-ஐ 16,000-ஆல் வகுக்க, 2.25 கிலோவாட். சில மீட்டர்களில் திரை மாறி மாறி ஓடும்போது ‘எம்டி’ என்று ஓர் எண்ணும் வரும். அந்த பில் காலத்தில் நீங்கள் எட்டிய உச்சம் அது.

டிசம்பரில் என் வீட்டு உச்சம் 6.4 கிலோவாட். நேரம், காலை ஆறு ஐம்பது. இணைப்பு வாங்கும்போது நான் எழுதிக்கொடுத்த சுமை 4 கிலோவாட்தான். யார் இந்த வேலையைச் செய்தது என்று பார்த்தால் ஆச்சரியமே இல்லை. இரண்டு பாத்ரூமிலும் கீசர், தலா 2 கிலோவாட். சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் ஒரு எச்பி மோட்டார், 1.1. அயர்ன் பாக்ஸ் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. சட்னிக்கு மிக்ஸி, அரை கிலோவாட்டுக்குள். பள்ளிக்கூட வேன் ஏழேகாலுக்கு வரும் வீட்டில் ஆறு ஐம்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சராசரி 0.4, உச்சம் 6.4. லோடு ஃபேக்டர் ஆறேகால் சதவீதம். நூறு பேர் உட்காரும் ஹாலைக் கட்டச் சொல்லிவிட்டு, சராசரியாக ஆறு பேரை உட்கார வைத்திருக்கிறேன்.

சரிசெய்வது கஷ்டமாக இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் தேவை. 2 கிலோவாட் கீசருக்கு அது பதினாறு நிமிஷ வேலை. இரண்டு கீசரையும் சேர்த்துப் போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் யூனிட் அதேதான், உச்சம் மட்டும் பாதி. (“குளிக்கிறதுக்கும் க்யூவா?” என்றாள் மனைவி. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.) மோட்டாரை டைமர் வைத்து மதியம் பன்னிரண்டுக்கு மாற்றினேன். ஓவர்ஹெட் டேங்க் இருக்கும்போது தண்ணீர் எப்போது ஏறினால் என்ன? அயர்ன் ஞாயிறு மதியத்துக்குப் போனது. பிப்ரவரியில் என் உச்சம் 3.1 கிலோவாட். வரைபடத்தை அலுவலக நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் பிறந்தது. ‘டப்’ சத்தமும் வந்துவிட்டது.

நான் குறைத்த உச்சம் எது?

ஃபியூஸ் போன அந்த நிமிஷத்தில் என் வீடு எவ்வளவு இழுத்தது என்று லேப்டாப்பில் பார்த்தேன். 3.3 கிலோவாட். இரண்டு ஏசியும் அப்போதுதான் போட்டது. காலை உச்சத்தை நான் பாடுபட்டுக் குறைத்த அளவை ஒட்டித்தான் அதுவும் இருந்தது. டிசம்பர் காலையில் 6.4 இழுத்தபோது தெருவில் ஒன்றுமே ஆகவில்லை. மே மாத ராத்திரியில் 3.3-க்கு எல்லாம் போய்விடுகிறது.

அப்போதுதான் நான் செய்த தப்பு புரிந்தது. என் வீட்டு உச்சத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன், டிரான்ஸ்ஃபார்மருக்கோ என் வீட்டு உச்சம் ஒரு பொருட்டே இல்லை. காலையில் ஒரு வீட்டில் ஆறரைக்குக் கீசர், இன்னொரு வீட்டில் ஏழரைக்கு, மற்றொன்றில் கீசரே கிடையாது. ஒவ்வொரு வீட்டின் உச்சமும் ஒவ்வொரு நேரத்தில் வருவதால் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மின் பொறியாளர்கள் இந்தப் பரவலை ‘டைவர்சிட்டி’ என்கிறார்கள். அதை நம்பித்தான் உலகம் முழுக்க மின் விநியோகமே நடக்கிறது. எல்லா வீடுகளும் எழுதிக்கொடுத்த சுமையைக் கூட்டி அதற்கேற்ப டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதாக இருந்தால், தெருவுக்குத் தெரு துணைமின் நிலையம்தான் கட்டவேண்டும்.

ஏசி இந்தப் பரவலைக் கலைத்துவிடுகிறது. புழுக்கம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான். சாப்பிட்டு, சீரியலோ மேட்சோ முடிந்து, கதவைச் சாத்திப் படுக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆயிரம் பேரும் முதல் பந்திக்கு வந்து நிற்பது இந்தப் பத்தரை மணியில்தான்.

ஒரு மாலை நடைப்பயிற்சியின்போது எங்கள் டிரான்ஸ்ஃபார்மரை நம்பியிருக்கும் வீடுகளை எண்ணினேன். சுமார் 90. வெளியே தொங்கும் ஏசி பெட்டிகள் 71. டிரான்ஸ்ஃபார்மர் 100 கேவிஏ. (கேவிஏ, கிலோவாட் இரண்டும் ஒன்றல்ல, ஆனால் இந்தக் கணக்குக்கு ஒன்றாகவே வைத்துக்கொள்வோம்.) ஒன்றரை டன் ஏசி, அறையைக் குளிரவைக்கும் முதல் அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 1.5 கிலோவாட் இழுக்கும். 71 பெட்டிக்கு 106. வீட்டுக்குக் கால் கிலோவாட் வீதம் ஃபேன், ஃபிரிட்ஜ், டிவிக்கு 22. மொத்தம் 128. நூறைத் தாண்டிவிட்டது.

இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்தபின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். என் வீட்டில் அப்போது 600 வாட் சுமாருக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் 71 பெட்டிக்கு 43, மற்றவை 22, மொத்தம் 65. அதே வீடுகள், அதே ஏசிகள், அதே டிரான்ஸ்ஃபார்மர். தாராளமாகத் தாங்கும். எல்லா ஏசியும் இன்வெர்ட்டர் இல்லை, கொதிக்கிற ராத்திரியில் இன்வெர்ட்டரும் அவ்வளவு இறங்காது என்பதால் இந்த 65-ஐ அப்படியே நம்பவேண்டாம். ஆனாலும் பிரச்சினை பெரும்பாலும் அந்த முதல் முக்கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது என்பது தெளிவு.

அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது

கம்பியில் ஏறும் சூடு, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. உச்ச நேரத்து ஒரு யூனிட், அமைதியான நேரத்து ஒரு யூனிட்டைவிடக் கம்பியை அதிகம் வருத்துவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது வோல்டேஜ். சாதாரணமாக 230-ஐ ஒட்டிக் காட்டும் என் அளவி, அந்த நேரத்தில் 191 வரை இறங்கியிருக்கிறது. பழைய குண்டு பல்பு என்றால் வோல்டேஜ் குறைந்தால் மங்கலாக எரியும், இழுப்பதும் குறையும். இன்வெர்ட்டர் ஏசி அப்படி இல்லை. தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் எடுத்துக்கொள்ளும். 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் எடுப்பது 190-இல் எட்டுக்குப் பக்கத்தில் எடுக்கும். கம்பியின் சூடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஸ்டெபிலைசரும் வோல்டேஜை உயர்த்திக் கொடுக்க, லைனிலிருந்து அதற்கேற்ப அதிக ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் குறையக் குறைய ஓட்டம் கூடும், ஓட்டம் கூடக் கூட வோல்டேஜ் இன்னும் குறையும். கடைசியில் ஃபியூஸ்.

எதிர் வரிசையில் மட்டும் லைட் எரிந்த மர்மத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் ஒவ்வொரு ஃபேஸிலும் 133 ஆம்பியர் கொடுக்கும். ஏசி வீடுகள் மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரிந்திருப்பதில்லை. எதில் அதிகமோ அந்த ஃபேஸ் முதலில் போகும். உடனே மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் என்ன செய்கிறோம்? சேஞ்ச் ஓவரைத் திருப்பி ‘ஃபேஸ் மாத்துகிறோம்’. போன ஃபேஸின் ஏசிகள் இருக்கிற ஃபேஸில் போய் ஏறிக்கொள்கின்றன. பத்து நிமிஷத்தில் அதுவும் போகும். இதைச் சாமர்த்தியம் என்று நினைத்து நானும் என் பழைய வீட்டில் செய்திருக்கிறேன்.

ஃபியூஸ் போவதில் ஒரு நல்லதும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கிறது. அதற்குள் இருக்கும் எண்ணெயும் காகிதக் காப்பும் சூட்டில் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். காப்பின் வெப்பம் அனுமதித்த அளவுக்கு மேல் 6 டிகிரி கூடினால் அதன் ஆயுள் தேயும் வேகம் இரண்டு மடங்கு ஆகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. ராத்திரியும் ஆறாத வெயில் காலத்தில், ஆற நேரமே இல்லாமல் அது வேலை செய்கிறது.

தெருவிலிருந்து மாநிலத்துக்கு

எங்கள் தெருவில் நடப்பதுதான் பெரிய அளவில் எல்லா இடத்திலும் நடக்கிறது. நான் பாட்டியிடம் பேச்சு வாங்கிய அதே வாரம், மே 2 அன்று, தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இல்லாத உச்சம். அந்த மாசக் கடைசியில், மே 30 அன்று, நாட்டின் தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது.

பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. சூரியன் இறங்கி, தேவை இறங்காத நேரம்தான் கஷ்டமான நேரம். பகலில் மிஞ்சுவதை ராத்திரிக்கு எடுத்துவைக்க ஒரு பழைய வழி நம்மிடமே இருக்கிறது. ஆனைமலைப் பகுதியில் உள்ள கடம்பாறை நீரேற்று மின்நிலையம், 400 மெகாவாட். தேவை குறைந்த நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரைக் கடம்பாறை அணைக்கு ஏற்றிவைத்துக்கொண்டு, உச்ச நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நம் வீட்டு சம்ப்பும் ஓவர்ஹெட் டேங்கும் செய்வதற்குக் கிட்டத்தட்ட அண்ணன் முறை.

இன்னொரு வழி, விலை வைத்துப் பழக்கத்தை மாற்றுவது. 2023 ஜூனில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய ஒளி உள்ள எட்டு மணி நேரத்துக்குக் குறைந்த கட்டணம், உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம், ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் வீடுகளுக்கும் இது உண்டு என்பது அதன் சாரம். அதே திருத்தத்தில் நமக்குப் பயனுள்ள ஒரு விஷயமும் இருக்கிறது: ஸ்மார்ட் மீட்டர் காட்டும் உச்சத்தை வைத்து, அது பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக்கூடாது. எழுதிக்கொடுத்த சுமையை ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் அதை உயர்த்தலாம். என் பில்லில் இன்னும் நேரக் கணக்கு எதுவும் வரவில்லை.

வெளிநாடுகளில் வேறுவேறு வழிகளில் போகிறார்கள். இத்தாலியில் பெரும்பாலான வீடுகளின் ஒப்பந்தம் 3 கிலோவாட்தான். அவனையும் வாஷிங் மெஷினையும் சேர்த்துப் போட்டால் மீட்டரே துண்டித்துவிடும், இறங்கிப்போய்த் திரும்பப் போடவேண்டும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2023 ஜனவரி முதல், மாதத்தில் எந்தக் கால் மணி நேரத்தில் அதிகம் இழுத்தீர்களோ அதை வைத்துக் கம்பிக் கட்டணம் கணக்கிடுகிறார்கள்.

ஃபிளாண்டர்ஸ் முறையைப் படித்தபோது நான் செய்த அதே தப்பு அங்கேயும் கொஞ்சம் இருப்பதாகப்பட்டது. ஊரே தூங்கும் அதிகாலை இரண்டு மணிக்கு ஒருவர் காரை சார்ஜ் போட்டால், கம்பி சும்மாதான் கிடக்கிறது, ஆனால் அவருடைய உச்சம் பதிவாகிவிடும். ரைட்டின் பழைய மீட்டருக்கும் இதே குறை உண்டு. எவ்வளவு என்று காட்டும், எந்த நேரத்தில் என்று காட்டாது.

இப்போது நான் செய்வது

2025 மே மாதம் மூன்று விஷயங்களை மாற்றினேன். ஏசியைப் பத்தரைக்குப் போடாமல் ஒன்பதேகாலுக்கே போட்டு, பத்தரைக்குள் அறையைக் குளிரவைத்துவிடுவது. இரண்டு ஏசியையும் அரை மணி இடைவெளி விட்டுத் தொடங்குவது. ஸ்கூட்டர் சார்ஜரை டைமரில் போட்டு அதிகாலை இரண்டு மணிக்குத் தள்ளுவது. இதோடு 26 டிகிரி வைத்து ஃபேனும் போட்டுக்கொண்டோம். பத்தரை மணிக்கு என் வீட்டு இழுவை 3.3-லிருந்து 1.6-க்கு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஏசி ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடியதால் ராத்திரிக்கு முக்கால் யூனிட் அதிகம் ஆயிற்று. நாற்பது ராத்திரிக்கு 30 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டிய என் அடுக்கில் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். டிகிரியை ஏற்றியதில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கும், இருந்தாலும் தெருவுக்கு நல்லது செய்ததற்கு பில் எனக்குப் பரிசு எதுவும் கொடுக்கவில்லை. கீசரை வரிசைப்படுத்தியதற்கும் ஒரு பைசா குறையவில்லை. இலையை மட்டும் எண்ணுகிற பில்லுக்கு முதல் பந்தி, மூன்றாம் பந்தி எல்லாம் ஒன்றுதான்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் வரைபடத்தோடு எழுதினேன். பதினொரு வீட்டுக்காரர்கள் முயற்சி செய்வதாகச் சொன்னார்கள். ஒருவர், “காசு கட்டித்தானே சார் ஏசி போடுறோம்? டிரான்ஸ்ஃபார்மரைப் பெருசா வைக்கச் சொல்லுங்க” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 71 ஏசி உள்ள தெருவுக்கு 100 கேவிஏ போதாது. பெரிதாக்கக் கேட்டு எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம், நானும் போட்டேன். ஆனால் வருஷத்தில் நாற்பது ராத்திரி, ராத்திரிக்கு முக்கால் மணி நேரத்துக்காக வைக்கும் அந்தப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் விலையும் ஒட்டுமொத்தச் செலவில்தான் போய்ச் சேரும். பாட்டி போன்றவர்களின் பில் சின்னதாக இருக்கலாம், அதில் ஏதோ ஓர் ஓரத்தில் என் ஏசிக்கான ஹாலின் வாடகையும் இருக்கும்.

அந்த மே மாதம் ஃபியூஸ் நான்கு முறை போனது. முந்தைய வருஷம் நான் எண்ணி வைக்கவில்லை, ஆனால் அதைவிடக் குறைவுதான். எங்கள் பன்னிரண்டு வீட்டின் புண்ணியம் என்று சொல்லமாட்டேன், மாசக் கடைசியில் மழை வந்துவிட்டது. அடுத்த கோடையில்தான் ஒழுங்காகச் சொல்லமுடியும். அதற்காக இந்த முறை தினமும் பத்தே முக்கால் வோல்டேஜைத் தனியாகக் குறித்து வைக்கிறேன்.

இன்று ராத்திரி பத்தரைக்கு உங்கள் மீட்டர் முன்னால் போய் நின்று பத்து மினுக்கலை எண்ணிப் பாருங்கள். பிறகு அப்படியே வாசலுக்கு வந்து, எந்தெந்த வீட்டுப் பெட்டிகள் ஓடுகின்றன என்று காது கொடுத்துக் கேளுங்கள். நான் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பாட்டி, “என்னப்பா, இன்னைக்கு இருக்குமா?” என்று கேட்டார். 208 வோல்ட் காட்டியது. “இருக்கும் பாட்டி, படுங்க” என்றேன். அன்று இருந்தது.